இந்த முறை வேப்பெண்ணெய் அனுப்பவில்லை

மகன்,

நீ சுகமாக இருக்கிறாய் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அதை நம்ப முடியாமல்தான் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமையிலிருந்து போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்க்கிறேன். நான் வாய் திறந்தால் நீ சிரிக்கிறாய், இல்லாவிட்டால் நான் அழுகிறேன், இரண்டும் இல்லாவிட்டால் லைன் வெட்டுப்படுகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. உன் தங்கச்சி பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். படித்து முடித்த பிறகு உன் அறையில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. அவர்களுக்கும் எங்கேயோ ஒரு அம்மா இருப்பாள், அவளுக்கு இது தெரியாமல் இருக்கலாம். அந்த மதுரைப் பிள்ளைக்கு மட்டும், இலையான் என்று நான் எழுதியிருப்பது ஈ என்று முதலிலேயே சொல்லிவிடு.

எனக்குப் பயமாக இருக்கிறது, மகன். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. சூறாவளிக்குப் பயந்திருக்கிறேன். வெள்ளத்துக்குப் பயந்திருக்கிறேன். சண்டைக் காலத்தில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு எத்தனை வீட்டில் ஒளிந்திருப்பேன். அப்போதெல்லாம் ஊரே சேர்ந்து பயந்தது, அதனால் பயத்தைப் பங்குபோட ஆள் இருந்தது. இந்தப் பயம் நீ பகிடியாகச் சொன்ன ஒரு பேச்சில் வந்தது. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அதை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கே மறந்திருக்கும். கட்டிலில் சாய்ந்துகொண்டுதான் கதைத்தாய். "அம்மா, ஒரு பகிடி கேளுங்க. நேத்து வேல முடிஞ்சி சப்பாத்தக் கழட்டக்குள்ள பாத்தா, அடியால ஆணி ஒண்டு ஏறி நிக்கிது. கால்மேஸ் எல்லாம் ரெத்தம். எப்ப ஏறின எண்டே தெரியல்ல. கொஞ்சமும் நோகல்ல. உங்கட மகன்ட கால் இரும்புக் கால்." நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சுளகு கையிலேயே நின்றுவிட்டது. டாக்குத்தரிடம் காட்டினாயா என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் லீவு கேட்டா சூப்பர்வைசர் சிரிப்பான்" என்றாய். இலையான் ஏதும் வருகிறதா என்று கேட்டேன். அதற்குத்தான் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "இஞ்ச எங்க அம்மா இலையான்? பூட்டின ஏசி அறை. வெளிய அடிக்கிற வெயிலுக்கு இலையானே செத்திரும்."

அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னைக் கலங்கடித்தது. "அடுத்த கிழமை ஊரில இருந்து இஞ்ச வாற பொடியன்ட கையில வேப்பெண்ணெயும் மஞ்சளும் குடுத்து விடுங்க. அப்பாட காலுக்குப் பூசினாப்போல நானும் பூசுறன்." அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுதிக் காட்ட முடியாது.

உனக்கு உடம்பில் சீனி இருக்கிறது. காய்ச்சலுக்குப் போன இடத்தில் கண்டுபிடித்தார்கள் என்று நீயேதான் சொன்னாய். "கொஞ்சமாத்தான் இரிக்கி. தேத்தண்ணிக்குச் சீனி போடாம குடிச்சாச் சரி" என்றாய். அன்றைக்கு நானும் சரி என்று விட்டுவிட்டேன். இப்போது அந்தச் சீனியையும் இந்த நோகாத காலையும் சேர்த்துப் பார்க்கிறேன். இரண்டையும் சேர்த்து நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், இதே வளவில்.

நம் வளவு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், உன்னோடு இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. நாங்கள் ஆறு என்று சொல்கிற இந்த வாவிக்கரையில் கருவாடு போடுகிற வீடென்றால் இலையான் மொய்த்துக்கொண்டுதான் இருக்கும். சாப்பிட வாய் திறந்தால் சோற்றுக்கு முதல் அது போகும். நம் வளவில் மட்டும் இராது. கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் காற்று வருகிற பக்கமாகப் பார்த்துப் புகை போடுவேன். அடியில் உரித்த தேங்காயின் பொச்சு, அதற்கு மேலே நொச்சி. பச்சை நொச்சி போட்டால் கண்தான் எரியும். நன்றாகக் காய்ந்ததைப் போட்டால் குப்பென்று எரிந்து முடிந்துவிடும். வாடின நொச்சிதான் விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை புகைந்துகொண்டு கிடக்கும். கருவாடு காயப்போடுகிற தட்டியின் மூலைகளில் வேப்பங்கொப்பு கட்டியிருப்பேன், வாடினால் மாற்றுவேன். குசினி மேசையில் பாதியாக வெட்டின புளித் தேசிக்காயில் கராம்பு மொட்டுக் குத்தி வைத்திருப்பேன். அரிசிக்குள் வேப்பிலை, அலுமாரிக்குள் நொச்சி இலை, பின்னேரமானால் கடிக்க வருகிற நுளம்புக்குத் தும்பைப் புகை. பள்ளிக்கூடத்தில் உன் சேட்டு மணக்கிறது என்று பொடியன்கள் உன்னை 'நொச்சிப் பத்தை' என்று கூப்பிட்டதும், நீ புத்தகப் பையைச் சுவரில் எறிந்துவிட்டு அழுததும் எனக்கு மறக்கவில்லை.

எனக்கு அதில் சரியான தலைக்கனம் இருந்தது. ஏறாவூரிலிருந்து கருவாடு எடுக்க வருகிற வியாபாரி மோட்டார்சைக்கிளை நிற்பாட்டும்போதே கேட்பார்: "தங்கச்சி, உங்கட வளவுல இலையானுக்கு ஆரு கேற் பூட்டின?" கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் பந்தி போடுவதற்கு முதல் எனக்கு ஆள் வரும். நான் போய் எந்தப் பக்கம் புகை போட வேண்டும், எங்கே கொப்பு கட்ட வேண்டும் என்று காட்டிவிட்டு வருவேன். நீ கட்டாருக்குப் போன புதிதில் மூட்டைப்பூச்சி கடித்துத் தூக்கம் இல்லை என்றாய். மெத்தைக்குக் கீழே போட நொச்சி இலையும், கட்டில் பொருத்துகளில் தடவ வேப்பெண்ணெயும் அனுப்பினேன். "பூச்சி போச்சி அம்மா, சூப்பர்வைசரும் ஒரு போத்தல் கேக்கிறான்" என்று நீ சொன்னதை நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். கடல் தாண்டியும் என் கை வேலை செய்கிறதாம். அப்படித்தான் நினைத்தேன்.

என் கை எல்லா நேரமும் சரியாக வேலை செய்தது என்றில்லை. உனக்குச் சின்ன வயதில் தலை நிறையப் பேன் வந்தது ஞாபகம் இருக்கிறதா? நான் அன்னமுன்னாப் பழத்து விதையை அரைத்து எண்ணெயில் குழைத்து உன் தலையில் அப்பினேன். பேனுக்கு அதைப்போல மருந்து இல்லை. கழுவும்போது ஒரு சொட்டு உன் கண்ணில் வழிந்துவிட்டது. நீ போட்ட சத்தத்துக்கு ஆற்றில் தோணியில் நின்ற அப்பா வலையை விட்டுவிட்டு ஓடி வந்தார். கண் இரத்தக் கட்டியாக வீங்கிவிட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கண் தப்பியது. "பேனக் கொல்லுற சாமான் புள்ளட கண்ண மட்டும் விடுமா அம்மா?" என்று அங்கே ஏசினார்கள். அன்று நீ கத்தின கத்தலில் நான் செத்துப் பிழைத்தேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன், நீ கத்தினதால்தான் ஓடினோம். நோகாமல் இருந்திருந்தால், பிள்ளை விளையாடுகிறான் என்று நான் அடுப்படிக்குப் போயிருப்பேன். அன்றைக்கு நீ அழுததற்குப் பயந்தவள், இன்றைக்கு நீ அழவில்லையே என்று பயந்துகொண்டிருக்கிறேன்.

அப்பாவின் காலுக்கு என்ன நடந்தது என்று உனக்கு நாங்கள் முழுதாகச் சொல்லவில்லை. ஆற்றில் சிப்பி வெட்டியது, கிருமி ஏறியது, காலை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னோம். அது பொய் இல்லை. நடுவில் நடந்ததை மட்டும் விட்டுவிட்டோம். நீ அங்கே தனியாக இருந்து யோசிப்பாய் என்று அப்பா சொன்னார். எனக்கோ சொல்ல வெட்கமாக இருந்தது. இனி வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை.

முதலில் செருப்பில்தான் தொடங்கியது. ஒருநாள் அப்பா ஆற்றிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தார். மற்றச் செருப்பு எங்கே என்று தங்கச்சி கேட்டாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "அட, இது எங்க கழண்ட?" என்றார். செருப்பு கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. சுடுமணலில் ஒரு காலில் செருப்பில்லாமல் நடந்து வந்திருக்கிறார், அதுவும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். "என்ட கால் கல்லுக் கால், எதுவும் ஒண்டும் செய்யா" என்றார். நீ வெள்ளிக்கிழமை சொன்னாயே, இரும்புக் கால் என்று, அதைக் கேட்டதும் எனக்கு இந்தக் கல்லுக் கால்தான் காதில் விழுந்தது.

அதற்குச் சில நாள் கழித்து அப்பா மாமரத்துக்குக் கீழே இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அப்போதுதான் இறக்கின மீன் கூடை. திறந்த கூடை. ஒரு இலையான் வந்தது. கூடையைச் சுற்றியது. மீனில் குந்தாமல் அப்பாவின் வலது காலில் போய்க் குந்தியது. அவர் காலை ஆட்டினார். அது எழும்பி, மீனைக் கடந்து, திரும்பவும் அதே காலுக்கு வந்தது. உன் தங்கச்சி போனில் படம் பிடித்தாள். "இஞ்ச பாருங்க, மீனுக்குப் பக்கத்துல இருந்தும் இலையானுக்கு அப்பாட கால்தான் ருசி" என்றாள். அப்பா விடுவாரா? "மீன்காரன்ட கால் மீன் மணக்காம மல்லியப்பூவா மணக்கும்?" என்றார். அந்தப் படம் உனக்கும் வந்தது. நீயும் சிரிக்கிற முகம் போட்டு அனுப்பினாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, மகன். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம்.

நான் மட்டும் உள்ளுக்குள் கோபப்பட்டேன். ஏன் கோபம் என்று கேள். என் வளவில் இலையானா? அதுவும் என் வீட்டு மனிசனின் காலிலா? ஏறாவூர் வியாபாரி கண்டால் என்ன நினைப்பார்? அடுத்த நாள் இன்னும் இரண்டொன்று வந்தன. அப்பாவைக் கதிரையில் இருத்தி, வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து, விரலிடுக்கிலிருந்து கணுக்கால்வரை தடிப்பாக அப்பினேன். கதிரைக்குக் கீழே ஒரு சட்டியில் நொச்சிப் புகை வைத்தேன். இலையான் போய்விட்டது. ஒன்றுகூட இல்லை. "பாத்தீங்களா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அதுதான் என் முதல் வேலை. அப்பா காலை நீட்டுவார், நான் பூசுவேன்.

நான் என்ன செய்தேன் என்று இப்போது யோசித்துப் பார். அந்தக் கால் சிவந்திருந்தால் மஞ்சளுக்குள் தெரியாது. கறுத்திருந்தாலும் தெரியாது. நாற்றம் வந்திருந்தால் வேப்பெண்ணெய் மணத்துக்கும் நொச்சிப் புகைக்கும் மேலால் எந்த மூக்குக்கு எட்டும்? நோவு சொல்லியிருக்கலாம், அது அப்பாவின் உடம்பில் இருந்த சீனியோடு எப்போதோ போய்விட்டது. மிச்சமாக அந்தக் காலுக்காகப் பேச வந்தது ஒரு இலையான்தான். அதையும் நான் விரட்டிவிட்டேன். இலையான் ஏன் மீனை விட்டுவிட்டுக் காலுக்குப் போகிறது என்று நான் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். மீனை விட வேறு எதை அது அங்கே கண்டது என்று கேட்டிருக்க வேண்டும். இலையானைப் பற்றி இந்த ஊரில் எனக்குத் தெரிந்த அளவுக்கு ஆருக்குத் தெரியும்? தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

ஒரு பகலில் அப்பாவுக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. வெயில் கொதிக்கிற நேரம், அவர் போர்வை கேட்டார். எழும்பச் சொன்னோம், கால் நிலத்தில் நிற்கவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போனோம். தாதிப் பிள்ளை ஒருத்தி, உன் தங்கச்சியின் வயதுதான் இருக்கும், காலைப் பார்த்துவிட்டு, "இதென்ன அம்மா, பெயின்ற் அடிச்சாப்போல?" என்று கேட்டாள். பிறகு கழுவத் தொடங்கினாள். மஞ்சள் வழிந்து போகப் போக, கீழே கறுப்பு வந்தது. மகன், அந்தக் கறுப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உள்ளங்காலில் ஒரு ஓட்டை இருந்தது. அதற்குள்ளிருந்து நகத்தளவு சிப்பித் துண்டொன்றை இடுக்கியால் எடுத்தாள். அதோடு அவர் எத்தனை நாள் ஆற்றுக்குப் போனார், எத்தனை நாள் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்தார் என்று எனக்குத் தெரியாது. சிப்பிக்குப் பிறகு புழு வந்தது. என் மஞ்சளுக்குள்ளும் எங்கேயோ ஒரு இடைவெளியை இலையான் கண்டுபிடித்திருக்கிறது.

டாக்குத்தர் வந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அம்மா, இதுக்கு முதல் இலையான் வரல்லையா?" வந்தது ஐயா, நான் விடவில்லை என்றேன். அவர் ஏசவில்லை. "வந்த உடனே நீங்க இஞ்ச வந்திருக்கலாம்" என்றார். ஏசியிருந்தால் எனக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். விரல்களை எடுத்தார்கள், அது நிற்கவில்லை. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அப்பா என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. நான் அழுதபோது, "நீ வெரட்டின இலையானத்தானே, என்னயில்லையே" என்று பகிடி விட்டார். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த இல்லாத கால் இப்போது அவருக்கு நோகிறது. சாப்பிட்டுக்கொண்டிருப்பார், திடீரென்று கையைக் கீழே கொண்டுபோய், ஒன்றுமில்லாத இடத்தைப் பிடிக்கப் பார்ப்பார். "இஞ்சாருங்க, என்ன?" என்று கேட்டால், "பெருவிரல் கடுக்குது" என்பார். இருந்த நாளெல்லாம் நோகாத கால், வெட்டி எடுத்த பிறகு நோகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத்தான் நீ சொன்னாய், கொஞ்சமும் நோகவில்லை என்று.

ஆகவே இந்த முறை வேப்பெண்ணெய் அனுப்பவில்லை. போத்தலில் ஊற்றி, மூடி இறுக்கி, பொலித்தீன் சுற்றிப் பார்சலுக்குள் வைத்துவிட்டு, பிறகு வெளியே எடுத்துவிட்டேன். கறிக்குக்கூட மஞ்சள் வைக்கவில்லை. அங்கே கடையில் வாங்கிச் சமை, என் பயம் அப்படி இருக்கிறது. நான் வேப்பமரத்தோடும் நொச்சியோடும் கோபித்துக்கொள்ளவில்லை. இன்றைக்குக் காலையிலும் தட்டிக்குப் புகை போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். பூச்சியைப் போகச் சொல்வதுதான் அந்த இலைகளின் வேலை, அதைச் சரியாகத்தான் செய்கின்றன. பூச்சி எதற்காக வந்ததோ அதை அவை மாற்றாது. அரிசிக்கும் அலுமாரிக்கும் கட்டிலுக்கும் அது போதும். புண்ணுக்குப் போதாது. புண் என்றால் டாக்குத்தர், அவ்வளவுதான்.

போத்தல் இருந்த இடத்தில் ஒரு கண்ணாடி வருகிறது. உடைந்துவிடாமல் சாரன் துணிக்குள் சுற்றியிருக்கிறேன். அது அப்பா சவரம் செய்கிற கண்ணாடி, சிவப்புப் பிளாஸ்டிக் கரை போட்டது, நீ சின்ன வயதில் வெயிலைப் பிடித்துத் தங்கச்சியின் கண்ணில் அடிப்பாயே, அதேதான். கடையில் புதிது வாங்கப் போனேன், அப்பா விடவில்லை. "என்ட முகத்தப் பாத்து இனி என்ன, மாப்பிள்ளையாகவா போறன்? அவன் அவன்ட காலப் பாக்கட்டும்" என்று தானே எடுத்துத் தந்தார். அதை நிலத்தில் வைத்து, அதற்கு மேலே உள்ளங்காலைப் பிடித்துப் பார். விரலிடுக்கையும் விரித்துப் பார். பல் விளக்குகிற மாதிரி ஒவ்வொரு நாளும் பார். சப்பாத்துப் போடுவதற்கு முதல் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவு. கைக்கு நோகும், காலுக்கு நோகாது, அதனால் இனி உன் காலுக்காகக் கைதான் பார்க்க வேண்டும். சுடுதண்ணீரிலும் முதலில் கையை வை. உன் அறையில் சீனி உள்ள பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் கண்ணாடியைக் கொடு.

நீ ஏன் டாக்குத்தரிடம் போகவில்லை என்று எனக்குத் தெரியும். சுகமில்லை என்று கண்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறாய். அனுப்பட்டும். நம் ஆறு எங்கேயும் போகவில்லை, தோணி கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. அடுத்த ஆவணியில் நீ வாழைச்சேனைப் பிள்ளையைக் கட்டி அந்த வீட்டுக்குப் போக வேண்டியவன். நம் பக்கத்தில் பெண் பிள்ளை வீட்டில் இருப்பாள், ஆம்பிளைப் பிள்ளை கலியாணத்தோடு வாசல் கடப்பைத் தாண்டிப் போவான். அதற்கு நான் எப்போதோ மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் உன்னை அந்த வீட்டுக்கு முழுதாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளையை என்னைப்போல வெட்டின காலின் கட்டையில் துணி சுற்றிக்கொண்டிருக்க விட்டுவிடாதே.

இவ்வளவும் காலையில் எழுதினேன். இதோடு முடித்து, தங்கச்சியிடம் கொடுக்க இருந்தேன். அதற்குள் பகல் சோறு சாப்பிடுகிற நேரம் உன்னிடமிருந்து ஒரு படம் வந்தது. உன் கால். நான் படுத்துகிற பாட்டைத் தங்கச்சி உனக்குச் சொல்லியிருப்பாள், அம்மாவைச் சமாதானப்படுத்தலாம் என்று எடுத்து அனுப்பியிருக்கிறாய். சோப்புப் போட்டுக் கழுவி, பவுடரும் போட்டிருக்கிறாய். ஆணி ஏறின இடத்தில் சின்னப் பிளாஸ்டர். 'பாருங்க, ஒண்டுமில்ல' என்று கீழே எழுதியிருந்தாய். உண்மையாகச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. கால் வெள்ளையாக, குழந்தைப் பிள்ளையின் கால் போல இருந்தது.

பிறகு தங்கச்சியிடம் படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். பிளாஸ்டரின் ஓரத்தில், பெருவிரல் பக்கமாக, ஒரு கறுப்புப் பொட்டு. "அது சப்பாத்துக் கறை அம்மா" என்றாள் அவள். இன்னும் பெரிதாக்கச் சொன்னேன். "கறைக்கு எங்ககா பறக்கச் செட்டை?" என்று கேட்டேன். அவள் போனை அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கீழே கொண்டுபோனார், அந்த ஒன்றுமில்லாத இடத்துக்கு. "அவன எழும்பிப் போகச் சொல்லு. இப்பவே போகச் சொல்லு" என்றார்.

மகன், உன் அறையில் இலையானே இல்லை என்று நீ சொன்னாய். பூட்டின கதவு, ஏசிக் குளிர், சோறில்லை, மீனில்லை. அப்படியிருந்தும் ஒன்று வழி கண்டுபிடித்து உள்ளே வந்திருக்கிறது. சுற்றிவர எத்தனை கட்டில், எத்தனை கால், அது உன் காலில் வந்து குந்தியிருக்கிறது. நீ படம் எடுக்கிறாய், அது அசையாமல் இருக்கிறது. நீ அதைக் காணவில்லை, ஏனென்றால் அது ஊர்ந்தது உனக்குத் தெரியாது.

வாழ்நாளெல்லாம் இலையானை விரட்டின நான் சொல்கிறேன், அதை விரட்டாதே. பிளாஸ்டரைக் கழற்றாதே, ஒன்றும் பூசாதே, சப்பாத்தைப் போடாதே. அந்தப் படத்தையும் காலையும் கொண்டுபோய் டாக்குத்தரிடம் காட்டி, இலையான் வந்தது என்று சொல். வெட்கப்படாமல் முதலில் அதைச் சொல். போன் அடித்துப் பார்த்தோம், நீ எடுக்கவில்லை. தங்கச்சி இந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் அனுப்பப் போகிறாள், மற்றதை நீ ஆஸ்பத்திரியில் இருந்து படி.

அப்பாவின் காலிலும் முதல் நாள் வந்தது ஒன்றுதான்.

அம்மா